பரிகாரமா, பொறுப்பா?

“எழுதிக் கொடுங்க சார்! கடைசி வரியில, ‘இனிமேல் குடிக்கவே மாட்டேன், இது என் பொண்ணு தலைமேல சத்தியம்’னு போட்டுடுங்க. படிக்கிற ஆபீசருக்கு மனசு இளகாமலா போயிடும்?”

சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவின் ஓரத்தில், அந்தி மயங்கும் வேளையில், என் எதிரே நின்று இப்படிக் கேட்டார் ஒரு தோழர். ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். நாற்பது வயதைக் கடந்தவர். என் வகுப்பிலே பயிலும் சிறுமியின் தந்தை. பெயர் வேண்டாம். பெயரைப் பறைசாற்றித் தலைகுனிய வைப்பது என் நோக்கமன்று. அவர் கேட்டதன் உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. அது நம் அனைவருக்கும் உரியது. ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பதினொரு மணி கடந்துவிட்டது. மதுக்கடையிலிருந்து வீடு திரும்பும் வழியில் போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்தனர். கருவியில் ஊதச் சொன்னார்கள், ஊதினார். வாய் மறுத்ததைக் கருவி ஒப்புக்கொண்டது! வழக்குப் பதிவாயிற்று. நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். 10,000 ரூபாய் அபராதம் கட்டினார், அதுவும் வட்டிக்கு வாங்கி. ஓட்டுநர் உரிமம் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போயிற்று. மூன்று மாதத் தடை விழுந்தது. அந்த மூன்று மாதமும் மீன் அங்காடியில் ஐஸ் பெட்டி தூக்கினார். இப்போது தவணை முடிகிறது. உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு ஒரு மனு. என் எழுத்தில், என் தமிழில்.

எழுதுவதில் எனக்கென்ன தடை? நாலு வரி எழுதினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியுமென்றால் எழுத வேண்டியதுதானே!

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். காலை ஏழரை மணிக்கு அவர் வண்டியில் ஏறிப் பள்ளிக்கு வருவோர் நான்கு குழந்தைகள். அவர்களில் இருவர் என் வகுப்பு. ஆகவே, ‘உரிமத்தைத் திரும்பக் கொடுக்கலாமா?’ என்பது எனக்கு ஏட்டிலே படித்துவிட்டு மூடி வைக்கும் கேள்வியாக இல்லை. ‘அந்தப் பிள்ளைகளை அந்த வண்டியில் நீ ஏற்றுவாயா?’ என்று அது என் சட்டையைப் பிடித்து உலுக்கிற்று. பேனா நகர மறுத்தது.

“நாளைக்கு வாங்க அண்ணே. யோசித்து எழுதுகிறேன்” என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு நண்பர் சிலரிடம் இதுபற்றிப் பேசினேன். இரண்டு குரல்கள் ஒலித்தன.

“குற்றம் செய்தான், பணம் கட்டினான், மூன்று மாதம் பட்டினி கிடந்தான். கணக்குத் தீர்ந்தது. இன்னும் என்ன கேள்வி?” என்றது ஒரு குரல்.

“குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு! அவன் புத்தி அப்படி. ஆயுளுக்கும் அவன் கையில் வண்டியைக் கொடுக்கலாகாது” என்றது மற்றொரு குரல்.

தோழர்களே! இவ்விரு குரல்களையும் எங்கோ கேட்டதுபோல இல்லையா? எனக்கு நன்றாகப் பழக்கப்பட்டவையாகவே தோன்றின. சற்று உற்றுக் கேட்டேன். உண்மை விளங்கிற்று. பழைய சரக்கு, புதிய புட்டி!

முதற் குரலின் பெயர் பரிகாரம். பாவம் செய்தான், பணம் கட்டினான், பாவம் கழிந்தது! குளத்தில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ‘தொலைந்தது தோஷம்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவனை நாம் கண்டதில்லையா? அதே நடைதான் இதுவும். குளத்துக்குப் பதில் நீதிமன்றம். உண்டியலுக்குப் பதில் அபராத ரசீது. நாற்பத்தெட்டு நாள் விரதத்துக்குப் பதில் தொண்ணூறு நாள் தடை. சடங்கின் இலக்கணம் என்ன? செய்தவனிடத்தே எதுவும் மாற வேண்டியதில்லை. செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டால் போதும். ஏன் செய்தேன்? மீண்டும் செய்வேனா? செய்யாதிருக்க வழி என்ன? இக்கேள்விகளுக்குச் சடங்கிலே இடமில்லை.

‘கணக்குத் தீர்ந்தது’ என்று மூடிய ஏட்டிலிருந்து குருதி கசிந்த கதையும் உண்டு. 1980-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி சாலையோரம் நடந்து சென்றபோது குடிபோதையில் வந்தவன் காரால் மோதப்பட்டு மாண்டாள். அவன் புதியவன் அல்லன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக முன்னரே தண்டிக்கப்பட்டவன். ஒவ்வொரு முறையும் கணக்குத் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவன் திரும்பினான்! அச்சிறுமியின் தாய் கேண்டி லைட்னர், அழுது ஓய்ந்துவிடாமல், குடிபோதை ஓட்டத்துக்கு எதிரான தாய்மார் இயக்கத்தை அதே ஆண்டில் தொடங்கினார். பணத்தையும் நாட்களையும் மட்டும் எண்ணும் நீதி எதைக் காணத் தவறுகிறது என்பதை உலகுக்குக் காட்டியவர் அந்தத் தாய்.

இரண்டாம் குரலின் பெயர் தலைவிதி. ‘அவன் புத்தி அப்படி’ என்ற மூன்று சொல்லில் ஒரு மனிதனின் வாழ்நாள் முழுதையும் எழுதி முடித்துவிடுகிறது அது. பிறந்த குலத்தைக் கொண்டு மனிதனை எடைபோடாதே என்று முழங்கியவர்கள் நாம். பிறப்பு ஒருவனை முடிவுசெய்துவிடாது என்றோம். ஓர் இரவு மட்டும் முடிவுசெய்துவிடுமோ? மாறுவான் என்ற நம்பிக்கை இல்லையெனில் பள்ளிக்கூடம் எதற்கு? மேடை எதற்கு? இந்த ஏடுதான் எதற்கு?

நான் குடியிருக்கும் இந்தப் பேட்டையின் கதையை எண்ணிப் பார்க்கிறேன். 1734-ஆம் ஆண்டில், கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தில், நெசவாளரைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் இது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். தறியிலே இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்வான்? துணியையே கொளுத்திவிட மாட்டான். இழை அறவே அறுபடவில்லை என்று நடித்துக்கொண்டு நெய்யவும் மாட்டான். தறியை நிறுத்துவான், எங்கே அறுந்தது என்று தேடுவான், முடி போடுவான், இழுத்துப் பார்ப்பான், தாங்கினால்தான் மறுபடி ஓட்டுவான். பரிகாரம் பேசுவோர் இழை அறுந்ததைப் பார்க்க மறுக்கிறார்கள். தலைவிதி பேசுவோர் துணியைக் கொளுத்தச் சொல்கிறார்கள். தேடி முடி போடுவதோ பகுத்தறிவின் வேலை.

அப்படியானால் தேடுவோம், இழை எங்கே அறுந்தது என்று.

மறுநாள் தோழர் வந்தார். “அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆவலையே சார்! வண்டிகூட காலியாத்தான் வந்துச்சு” என்றார்.

உண்மைதான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஏன் ஆகவில்லை? இரண்டு வண்டிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஓட்டுநர், ஒரே அளவு மது, ஒரே வேகம், ஒரே இருட்டு. ஒரு வண்டியின் முன்னே பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் ஓடி வருகிறான். மற்றொரு வண்டியின் முன்னே எவரும் வரவில்லை. ஒருவன் கொலையாளி எனப் பெயரெடுக்கிறான். மற்றவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று உறங்குகிறான். இருவர் செய்கையிலும் வேறுபாடு என்ன? எள்ளளவும் இல்லை! வேறுபட்டது அந்தச் சிறுவனின் பந்து உருண்ட திசை மட்டுமே. பந்து உருண்ட திசையைத் தன் நற்குணத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாமா?

சட்டம் இதனை நன்கு உணர்ந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பிணத்தைத் தேடுவதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இருந்தால், முதற் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அபராதங்களை உயர்த்திற்று. எவரும் சாகும் முன்னரே கேள்வி கேட்கும் சட்டம் இது. அதனை நான் வரவேற்கிறேன்.

“வண்டி காலி என்கிறீர்களே அண்ணே, மறுநாள் காலை?” என்றேன்.

“காலையிலதான் தெளிஞ்சிடுமே சார்! எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிச்சிட்டு, பச்சத் தண்ணியில தல முழுகினா போதும்.”

தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உடம்பு மதுவை வெளியேற்றும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம், அதாவது நூறு மில்லி இரத்தத்தில். ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். ஈரலுக்கு அவசரம் தெரியாது. எலுமிச்சை அதை விரட்டாது. குளிர்ந்த நீர் அதைத் துரத்தாது. கடுங்காப்பி தூக்கத்தைக் கலைக்குமேயன்றி மதுவைக் கரைக்காது. நள்ளிரவில் 150 என்று படுத்தவன் காலை ஏழு மணிக்கு எழுந்தால் இன்னும் 45 மீந்திருக்கும். சட்டத்தின் வரம்போ 30. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த வண்டியில் நான்கு குழந்தைகள்!

அவர் முகம் வெளிறிற்று. “இது எனக்குத் தெரியாது சார்” என்றார். பொய்யில்லை அந்தச் சொல்லில். பதினைந்து ஆண்டு வண்டி ஓட்டியவருக்கு இதை எவரும் சொல்லவில்லை. அபராதம் வாங்கினார்கள், ரசீது கொடுத்தார்கள், இந்தக் கூட்டல் கழித்தலைக் கற்றுத்தரவில்லை. சடங்கு முடிந்தது, அறிவு பிறக்கவில்லை!

இன்னொன்றும் உண்டு. மது முதலில் மயக்குவது காலை அன்று; கையை அன்று. ‘நான் நிதானமாக இருக்கிறேனா?’ என்று அளந்து சொல்லும் அறிவையே அது முதலில் மயக்குகிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக ஓட்டுவேன்’ என்று குடித்தவன் உறுதியாகச் சொல்வது தெளிவின் அடையாளமன்று, நோயின் முதற்குறி. உடைந்த தராசிலே தன்னைத் தானே நிறுத்துக்கொள்கிறான் அவன்.

இருபத்து மூன்று நூற்றாண்டுக்கு முன்பே கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இதைச் சிந்தித்தார். குடிவெறியில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கும் சட்டத்தை அவர் சுட்டிக்காட்டுகிறார். மிட்டிலீன் நகரத்துப் பிட்டகஸ் அத்தகைய சட்டம் இயற்றியவர் என்றும் குறிப்பிடுகிறார். ‘எனக்கு நினைவில்லை, அறிவு மயங்கியிருந்தது’ என்று குற்றவாளி சொல்லலாம். மயங்காதிருக்கும் ஆற்றல் அவனிடம்தானே இருந்தது என்பது அந்த அறிஞரின் வாதம். தண்டனையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குற்றம் எந்த நொடியில் நிகழ்கிறது என்பதை அவ்வாதம் துலக்குகிறது. சாவியைத் திருகும்போது அன்று. முதற் கோப்பையை எடுக்கும்போது சாவி எங்கே இருக்கிறது என்று எண்ணாமல் விட்டானே, அந்த நொடியில்! அறுந்த இழை அங்கேதான் கிடக்கிறது. முடி போட வேண்டியதும் அங்கேதான்.

தனிமனிதனை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்டுவிட்டுப் போவது எளிது. நீதி எனும் சொல்லை நேசிப்பவர்கள் நீதியை நோக்கியும் கேட்க வேண்டும்.

10,000 ரூபாய் எல்லோருக்கும் ஒன்றுதானே என்பர். எண்ணில் ஒன்று, எடையில் ஒன்றா? மாளிகைவாசிக்கு அது ஒரு மாலை விருந்தின் செலவு. ஆட்டோ ஓட்டுபவருக்கோ பல வார உழைப்பு, அதற்கு மேல் வட்டி. மூன்று மாதத் தடையும் அப்படியே. காரின் சொந்தக்காரர் பின்னிருக்கைக்கு மாறுவார், சம்பளத்துக்கு ஓட்டுநர் வருவார், பயணம் தொடரும். ஓட்டுநரே குற்றவாளியானால்? வண்டி நிற்கும், அடுப்பு அணையும், அவர் பிள்ளை பள்ளிக்குப் பசியோடு வரும். பின்லாந்து நாடு 1921-ஆம் ஆண்டிலேயே, குற்றவாளியின் வருவாய்க்கு ஏற்ப அபராதத்தை அளக்கும் முறையைக் கொணர்ந்தது. அங்கே செல்வனுக்கும் ஏழைக்கும் எண் வேறுபடும், வலி ஒன்றாகும். நம் நாட்டில் எண் ஒன்று, வலி வேறு! இதனைச் சமநீதி என்று அழைக்க என் நா எழவில்லை.

பிழைக்கும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று 1985-ஆம் ஆண்டில், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், உச்ச நீதிமன்றம் உரைத்தது. எனவே ஆட்டோத் தோழரின் உரிமம் வெறும் அட்டையன்று. அவர் குடும்பத்தின் சோறு. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோற்றின் பெயரால் மன்னிப்பை அள்ளி வழங்க முற்படும்போது, மறுபுறமும் கண் திரும்ப வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அனைத்தும் குடியால் நேர்ந்தவை அல்ல. ஆனால் நாட்டிலே மாண்டவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். மாளிகைவாசிகளா அவர்கள்? வேலை முடிந்து வீடு திரும்பிய கூலிகள், கூடை சுமந்த தாய்மார், பால் பாக்கெட் வாங்கப் போன சிறுவர்கள்! ஏழை ஓட்டுநருக்குக் கண்ணை மூடிக்கொண்டு இரங்கினால், அந்த இரக்கத்தின் விலையைக் கொடுப்பவரும் ஏழையே. ஒரே வாழ்வுரிமையை இருவரும் பற்றி நிற்கிறார்கள்: வண்டிக்குள் இருப்பவரும், வண்டிக்கு முன்னே நடப்பவரும். ஒருவர் கையைத் தட்டிவிட்டு மற்றவர் கையைப் பிடிப்பது அறமாகாது.

அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. 1983-ஆம் ஆண்டில் பிறந்தது தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், நாம் டாஸ்மாக் என்றழைப்பது. 2003-ஆம் ஆண்டு நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடையிலே புட்டியை நீட்டுவதும் அரசின் கை. தெருமுனையிலே கருவியை நீட்டுவதும் அரசின் கை! ஒரு கை விற்கிறது. மறு கை பிடிக்கிறது. இரு கையும் பணத்தை எண்ணுகின்றன. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான். அடுத்த ஆண்டே நகராட்சி எல்லைகளுக்கு அது தளர்ந்தது. மது அருந்துமிடத்தின் வாயிலிலே வரிசையாக நிற்கும் வண்டிகளைக் கண்டும் காணாதிருப்பவன், அவை புறப்பட்ட பிறகு நூறடி தள்ளி நின்று பிடிப்பதை விவேகம் என்று சொல்ல முடியுமா? விற்பவனுக்கும் பொறுப்பு உண்டு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அரசின் குற்றத்தைச் சொல்லித் தன் குற்றத்தை மறைப்பது, பூசாரியின் பேராசையைச் சொல்லித் தன் மூடநம்பிக்கையை நியாயப்படுத்துவது போன்றது. கடையைத் திறந்து வைத்தவன் அவன்தான்; சாவியைத் திருகியவன் நீ! இரண்டு பொறுப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

இனி, உரிமம் எப்படித் திரும்ப வேண்டும்?

உரிமம் என்பது என்ன? உரிமமின்றிப் பொதுச் சாலையில் வண்டி ஓட்டலாகாது என்று முதலில் தடுக்கிறது சட்டம். பிறகு, ‘இவரை நம்புகிறோம், விலகி வழிவிடுங்கள்’ என்று சமுதாயத்தின் சார்பில் கையெழுத்திட்டுத் தருகிறது. ஆக, அது நம்பிக்கைப் பத்திரம். பணத்தை இழந்தவன் பணத்தால் ஈடு செய்யலாம். நம்பிக்கையை இழந்தவன் எதனால் ஈடு செய்வான்? நம்பத் தக்கவன் என்று காட்டுவதால் மட்டுமே.

நம் சட்டத்திலேயே அதற்கான வித்து இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதற் குற்றத்துக்கு உரிம அதிகாரி மூன்று மாதம் தடை விதிக்கலாம். அதற்கு முன் உரிமம் பெற்றவரின் பேச்சைக் கேட்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இரண்டாம் முறை என்றால் உரிமமே பறிபோகலாம். தடைக்காலம் முடிந்தால் மட்டும் போதாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை வெற்றியுடன் முடித்தால்தான் உரிமம் திரும்பும் என்கிறது 19-ஆம் பிரிவு. நல்ல விதி! நாளை மட்டும் எண்ணாமல் ஆளையும் பார் என்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி, வந்தவர் பெயரைப் பதிந்து சான்றிதழை நீட்டும் இடமாகிவிட்டால், அதுவும் இன்னொரு குளம்; அதுவும் இன்னொரு முழுக்கு!

பிரிட்டனில், ஓராண்டோ அதற்கு மேலோ தடை பெற்ற குடிபோதை ஓட்டுநருக்கு, மறுவாழ்வுப் பயிற்சியை முடித்தால் தடைக்காலத்தில் காற்பங்கு வரை குறைக்க நீதிமன்றம் வாய்ப்பளிக்கிறது. கற்பவனுக்குக் காலம் குறைகிறது! ஜெர்மனியில் இரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு மது இருந்ததென்றால், உரிமத்தைத் திரும்பப் பெற மருத்துவ, உளவியல் சோதனைக்கு உட்பட வேண்டும். மக்கள் அதனை ‘முட்டாள் சோதனை’ என்று கேலி செய்வர். ஆனால் அங்கே உளவியலார் முன்னே ஓட்டுநர் விடையளிக்க வேண்டியது முட்டாள் கேள்விகளுக்கன்று: ஏன் குடித்தாய்? குடித்துவிட்டு ஏன் ஓட்டினாய்? அன்றைக்கும் இன்றைக்கும் உன்னில் மாறியிருப்பது என்ன?

அந்த மூன்றாம் கேள்விதான் உயிர்நாடி. ஓர் இரவு தவறியவனுக்கும், குடியே நோயாகிவிட்டவனுக்கும் அதன் விடை வேறுபடும். நோயாளிக்குத் தேவை மருத்துவம். 1980-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை குடிநோய்க்கெனவே மருத்துவமனை நடத்துகிறது. நோயாளியைச் சத்தியம் செய்யச் சொல்லி அனுப்புவது, காய்ச்சல்காரனைக் காய்ச்சலுக்கு எதிராகச் சூளுரைக்கச் சொல்வது போலாகும்.

சத்தியம் என்றதும் தோழரின் கடைசி வரி நினைவுக்கு வருகிறது.

“அந்த வரியை எழுத மாட்டேன் அண்ணே” என்றேன். “சத்தியம் தவறினால் கேடு யாருக்கு? உங்கள் மகளுக்காம்! நீங்கள் செய்யும் குற்றத்துக்கு அந்தப் பச்சைக் குழந்தையின் தலை பிணையமா? அவள் தலை பாடம் படிப்பதற்கு இருக்கிறது.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப என்னதான் எழுதுவீங்க?” என்றார்.

“நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்கும் இன்றைக்கும் மாறியிருப்பது என்ன?”

மெல்ல மெல்லச் சொன்னார். மூன்று மாதமாக வண்டியைத் தொடாததால் குடியும் குறைந்ததாம். அறவே விட்டுவிட்டேன் என்று பெருமை பேச அவர் துணியவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இரவு எட்டு மணிக்கு வண்டிச் சாவி மனைவியின் கைக்குப் போகும். எப்போதேனும் குடித்தால் மறுநாள் காலைச் சவாரி கிடையாது. பிள்ளைகளை ஏற்ற ஸ்டாண்டிலிருந்து வேறொருவர் வருவார். ஸ்டாண்டு நண்பர்களிடம் இதைச் சொல்லியாயிற்று, அவர்களும் ஒப்பினார்கள். தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: “நாலு வீட்டுக்கும் நானே போயி, நடந்தத சொல்லிடறேன் சார். அவங்க வேற வாயால கேக்கறதுக்கு முன்னாடி.”

எழுதினேன், தோழர்களே! கெஞ்சல் இல்லாமல் எழுதினேன். நடந்ததை மறைக்காமல், மாறியதை மிகைப்படுத்தாமல், ஏற்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினேன். கீழே அவர் கையெழுத்திட்டார். பயிற்சியும் முடித்தார். உரிமம் திரும்பி வந்தது.

நான்கு வீடுகளுக்கும் அவர் சென்றார். இரண்டு வீட்டார் சிறிது தயங்கி ஒப்பினர். ஒரு வீட்டார், “பார்க்கலாம்” என்றனர். ஒரு தாய், “மன்னிச்சுக்கோங்க அண்ணா, என் மனசு கேக்கல” என்று மறுத்துவிட்டார். அந்தத் தாயை நான் குறைகூற மாட்டேன்; அவரும் குறைகூறவில்லை. உரிமத்தை அரசு ஒரே நாளில் திருப்பித் தரலாம். நம்பிக்கையை ஒவ்வொரு வீடும் தன் தன் நேரத்தில்தான் திருப்பித் தரும். சிலர் தராமலும் போகலாம். அதையும் தாங்கிக்கொள்வது பொறுப்பின் ஒரு பகுதி.

நான்? முதல் வாரம் முழுதும் அந்த வண்டியில், பிள்ளைகளோடு பிள்ளையாக, நானும் ஏறிப் பள்ளிக்கு வந்தேன். நம்பியதாலா, ஐயுற்றதாலா என்று கேட்பீர்களாயின், இரண்டாலும்தான். கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்குப் பெயர் பக்தி. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவனுக்கு வாய்ப்பளிப்பதைத்தான் நான் மனிதநேயம் என்பேன்.

இளந்தோழர்களே! உங்களுக்கு ஒரு சொல். குடித்துவிட்டு ஓட்டுபவனைத் தூண்டுபவனுக்கும் அதே தண்டனை என்கிறது நம் சட்டத்தின் 188-ஆம் பிரிவு. 2022-ஆம் ஆண்டில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை உடன் பயணம் செய்வோர்மீதும் வழக்குத் தொடுக்கப்படும் என்று அறிவித்தது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டாம்; தோழமைக்காகச் செய்யுங்கள். கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. வண்டியின் எந்த உறுப்பு பழுதானாலும் அங்கே மாற்று உறுப்பு கிடைக்கும். மனிதனின் எந்த உறுப்புக்கும் அங்கே மாற்றுக் கிடையாது. திருமண வீட்டில், நண்பர் விருந்தில், தேர்தல் வெற்றிக் கொண்டாட்டத்தில் எவனேனும் கோப்பையைக் கையில் எடுத்தால், “சாவியைக் கொடு” என்று கை நீட்டுங்கள். கோபிப்பான், கோபிக்கட்டும். ஏசுவான்; ஏசட்டும். மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு குழந்தை, புத்தகப் பையைச் சுமந்துகொண்டு சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது.